வாழைத்தண்டும் பற்றரித் தடையும்

அண்மையில் ஒரு சந்திப்பில் நண்பர் ஒருவர் சொன்னார்: 1990இன் பின் யாழ்ப்பாணம் மின்சாரமின்றிக் கிடந்தபோது வளவுக்கு வளவு வாழை நின்றது, அதன் தண்டில் மின்சாரம் இருப்பது எங்களுக்குத் தெரியாமற் போயிற்று. விஞ்ஞானம் படிப்பித்தவர்களும் தூங்கிவிட்டார்களாம். படிப்பித்தவர்களில் ஒருவன் என்ற வகையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நண்பர் சுட்டிய ஆய்வுகள் உண்மையானவை. உருளைக்கிழங்கை 8 நிமிடம் அவித்தால் கிடைக்கும் வலு ஏறத்தாழப் பத்து மடங்காகும் என்று ஜெருசலேமின் ரபினோவிச் முதலானோர் 2010இல் காட்டினர். களனிப் பல்கலைக்கழகத்தின் கே.டி. ஜயசூரிய குழுவினர் அவித்த வாழைத்தண்டைக் காயாமற் காத்து ஓர் ஒளிகாலும் இருவாயியை 500 மணிநேரத்துக்கு மேல் எரிக்கலாம் என்று கண்டனர்.

ஆனால் சக்தி தண்டிலும் இல்லை, கிழங்கிலும் இல்லை. அது நாகத்தில் இருக்கிறது. நாகம் கரைந்து இலத்திரன்களை விடுகிறது. அவை கம்பி வழியே செம்புக்குப் போய் அங்கே சாற்றிலுள்ள ஐதரசன் அயன்களைச் சேர்கின்றன. கிழங்கு அயன்கள் நடமாடும் ஈரப்பாதை, அவ்வளவே. அவிக்கும்போது கலமென்சவ்வுகள் சிதைவதால் அகத்தடை குறைகிறது. தேசிக்காயானாலும் உப்புத் தண்ணீரானாலும் கதை ஒன்றுதான். (யோசப் பொய்ஸ் 1985இல் ஒரு மஞ்சள் மின்குமிழை எலுமிச்சம்பழத்தில் செருகிக் கலைப்படைப்பாக்கினார். அந்தக் குமிழ் அதனால் எரியாது; கலைக்கு அது பொருட்டல்ல.)

டிரெஸ்டனில் என் அடுப்படியிற் செய்து பார்த்தேன். தொழிற்சாலையிற் கழிவுக்குப் போகும் நாகம் பூசிய ஆணிகள், கொஞ்சம் செம்புக் கம்பி. ஒரு கிழங்கு 0.9 வோல்ற்று தந்தது. ஓட்டமோ ஒரு மில்லி அம்பியரிலும் குறைவு. நான்கைத் தொடராக இணைத்ததும் சிவப்பு இருவாயி மினுங்கியது. திரைச்சீலையை இழுத்துவிட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கிழங்குகளைக் குப்பையிற் போட்டேன். நாகம் கரைந்ததைத் தின்னக்கூடாது.

பழைய ரோச் லைற் குமிழுக்கு 300 மில்லி அம்பியர் அளவில் வேண்டும். வெள்ளை ஒளி தரும் இருவாயியோ 1996 அளவிலேதான் சந்தைக்கு வந்தது. ஆக, வாழைத்தண்டு கொளுத்தக்கூடிய விளக்கே அன்று எங்களிடம் இருக்கவில்லை. நாகம்? எங்கள் கைக்கெட்டிய நாகத்தகடு பழைய பற்றரியின் உறைதான். பற்றரியே தடைப்பட்டியலில் இருந்தது.

சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் படித்ததும் அறியாமையால் அல்ல. டைனமோ 3 வாற்று தரும். அதே வலுவைப் பெற என் அடுப்படிக் கிழங்குகள் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும்.