2 + 1 = 21 ஆனது எப்படி? வெப் டெவலப்மென்ட் கற்கத் தொடங்குபவரின் முதல் பாடம்

காலையில் 2 கிலோ, மாலையில் 1 கிலோ. ஆக மொத்தம் மூன்று கிலோ இட்லி மாவு. கிலோ 50 ரூபாய் என்றால் 150 ரூபாய் வர வேண்டும். ஆனால் மகள் செய்த இணையப் பக்கம் 1,050 ரூபாய் என்று காட்டுகிறது. "என்னடி இது, மூணு கிலோ மாவுக்கு ஆயிரத்து அம்பதா?" என்று அம்மா கேட்கிறார். மகளிடம் பதில் இல்லை.

இது ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் இதில் வரும் தவறு நிஜமானது. வெப் டெவலப்மென்ட் கற்கும் பலர் தொடக்கத்திலேயே சந்திப்பது. 'எனக்கு இதெல்லாம் வராது' என்று சிலர் லேப்டாப்பை மூடி வைப்பதும், சிலர் டெவலப்பர் ஆவதும் இந்த மாதிரி இடங்களில்தான். அப்படி என்னதான் நடக்கிறது? பி.காம் முடித்த ஒருவர், அம்மாவின் மாவுக் கடைக்கு ஒரு இணையப் பக்கம் செய்கிறார் என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

மூன்று விஷயங்கள் போதும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட்.

கடையின் பெயர், மாவின் விலை, திறந்திருக்கும் நேரம் எனப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது எச்டிஎம்எல். அது எந்த நிறத்தில், எந்த அளவில், எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்பதைச் சொல்வது சிஎஸ்எஸ். கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போடுவது ஜாவாஸ்கிரிப்ட்.

மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகின் முதல் வெப்சைட் 1991-ல் வந்தபோது எச்டிஎம்எல் மட்டும்தான் இருந்தது. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தைச் சுமார் 10 நாள்களில் எழுதினார். சிஎஸ்எஸ்-ன் முதல் பதிப்பு 1996-ல் வந்தது. கற்பவரும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் பழகிவிட்டு ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் போவது நல்லது.

ஆங்கிலம் தெரிந்தே ஆக வேண்டுமா?

எச்டிஎம்எல் கட்டளைகள் ஆங்கிலச் சொற்களில்தான் இருக்கும். ஆனால் அடிக்கடி பயன்படுபவை சில டஜன்தான். பக்கத்தில் காட்டும் உள்ளடக்கத்தைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம். யுடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் பக்கம் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அதை மறந்தால் 'இட்லி மாவு' என்பது புரியாத குறிகளாகத் தெரிய வாய்ப்பு உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் மாறிகளுக்கு 'விலை', 'எடை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

சரி, 21 எங்கிருந்து வந்தது?

மகள் முதலில் ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருந்தார். அதில் 2 என்று டைப் செய்தால் 100 ரூபாய் என்று சரியாகக் காட்டியது. மாலை ஆர்டருக்கு இரண்டாவது கட்டம் சேர்த்த பிறகுதான் சிக்கல்.

கட்டத்தில் டைப் செய்வதை பிரவுசர் எண்ணாகக் கொடுப்பதில்லை, எழுத்தாகத்தான் கொடுக்கிறது. பெருக்கல் குறியைப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த எழுத்தைத் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும். அதனால்தான் முதலில் தவறு வெளியே தெரியவில்லை. ஆனால் எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். 2-ம் 1-ம் சேர்ந்து 21. அதை 50-ஆல் பெருக்கினால் 1,050. அவ்வளவுதான் விஷயம்!

கூட்டுவதற்கு முன்பு இரண்டையும் எண்ணாக மாற்றும்படி சொன்னால் சரியாகிவிடும். பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் 'கன்சோல்' பகுதியில், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் என்ன வருகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தவர் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்.

வீடியோ பார்த்தால் போதாதா?

வீடியோவில் சொல்லித் தருபவர் டைப் செய்வதை அப்படியே டைப் செய்தால் எல்லாம் வேலை செய்யும். புரிந்துவிட்ட மாதிரியும் இருக்கும். வெற்றுத் திரை முன்னால் உட்கார்ந்தால் முதல் வரியே வராது. உடனே அடுத்த வீடியோ, அடுத்த கோர்ஸ். இந்தச் சுழலை 'டுடோரியல் ஹெல்' என்பார்கள். சின்னதாக இருந்தாலும் வீட்டிலோ தெருவிலோ யாராவது நிஜமாகப் பயன்படுத்தப்போகும் ஒன்றைச் செய்து பார்ப்பதுதான் வெளியே வரும் வழி.

என் லேப்டாப்பில் சரியா தெரியுதே!

பக்கத்தை இணையத்தில் ஏற்றும்போது அடுத்த பாடம் காத்திருக்கும். கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகளில் இலவசமாகவே ஏற்றலாம். லேப்டாப்பில் தெரிந்த மாவுப் படம் அங்கே காணாமல் போகலாம். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. கிட்ஹப் பேஜஸ் அப்படி விடாது. அம்மாவின் போனில் எழுத்துகள் எறும்பு மாதிரி தெரிகிறதா? திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தைக் காட்டச் சொல்லும் 'வியூபோர்ட்' வரி விடுபட்டிருக்கும்.

ஏஐ இருக்கே, இன்னும் எதுக்கு கத்துக்கணும்?

நியாயமான கேள்வி. இந்தப் பக்கத்தை ஏஐ சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா கட்டத்தில் '2 கிலோ' என்று டைப் செய்தால் என்ன ஆகும்? எண்ணோடு எழுத்தும் இருப்பதால் ஜாவாஸ்கிரிப்ட்டால் அதை எண்ணாக மாற்ற முடியாமல், 'இது எண் அல்ல' என்ற பொருளில் 'என்ஏஎன்' என்று விலை வரலாம். அந்தக் கடைக்கு யார் வருகிறார்கள், எப்படி டைப் செய்வார்கள் என்பது மகளுக்குத்தான் தெரியும். தவறு நடந்தால் ஏன் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு ஏஐ நல்ல உதவியாளர். தெரியாதவர், அது கொடுத்த பில் சரியா தவறா என்றே சொல்ல முடியாமல் நிற்பார்.

பணம் கட்டித்தான் படிக்கணுமா?

கட்டாயம் இல்லை. எம்டிஎன் ஆவணங்கள், ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட் மூன்றும் இலவசம். நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் மென்பொருளும் இலவசமே. இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு குறைதான். நேரில் சொல்லித் தர ஆள் வேண்டும் என்பவர்கள் பயிற்சி மையத்துக்குப் போகலாம். ஆனால் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் முன் ஒரு மாதம் இலவசமாகப் படித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். 'வேலை உறுதி' என்று சொன்னால், அது எழுத்தில் இருக்கிறதா, வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேட்க வேண்டும்.

இந்த மூன்றைக் கற்றதும் வேலை வந்துவிடாது. அதற்குப் பிறகு கிட், ரியாக்ட், டேட்டாபேஸ் என்று பாதை நீளும். நேர்காணலில் சான்றிதழை நீட்டுபவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். "எங்கம்மா கடைக்கு நான் செஞ்ச பக்கம் இது. ஒருநாள் மூணு கிலோ மாவுக்கு 1,050 ரூபாய் காட்டுச்சு. ஏன்னா..." என்று தொடங்குபவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கும்.