குழாயில் வரும் உயிர்க்காற்று: திருப்பதி புகட்டிய பாடம்

புதுதில்லி: கரோனா இரண்டாவது அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் உயிரிழப்பு நேர்ந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என 2021 ஜூலை 20-ல் மாநிலங்களவையில் மத்திய அரசு கூறியது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அடுத்த மாதமே ஆந்திரத்தின் தகவல் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் 2021 மே 10 இரவு, செயற்கை சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகள் உள்பட 11 பேர் உயிரிழந்தனர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வர வேண்டிய டேங்கர் தாமதமானது. 10 கிலோ லிட்டர் தொட்டியிலிருந்து மாற்று சிலிண்டர் இணைப்புக்கு மாறிய இடைவெளியில் அழுத்தம் குறைந்தது என்பது முதல்கட்ட விசாரணையின் முடிவு. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி, 2022 ஏப்ரலில் தனி மாவட்டத் தலைநகரானது.

குழாயில் காற்று குறைவது ஓர் ஆபத்து. தவறான காற்று வருவது மற்றொன்று. நாகர்கோவில் அரசு மருத்துவமனையில் 2011-ல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக மயக்க மருந்தான நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. நினைவு திரும்பாமலே மறுஆண்டு அவர் இறந்தார். குடும்பத்துக்கு ரூ. 28 லட்சத்துக்கு மேல் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. மயக்க மருந்துக் கருவியில், நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை சோடா சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். விடுமுறை நாள்களில் ஆக்சிஜனை மூடாமல் விட்டால் அச்சுண்ணாம்பு உலர்ந்துவிடும். அதன் மீது டெஸ்ஃபுளுரேன், ஐசோஃபுளுரேன் போன்ற மருந்துகள் படும்போது நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரோ, ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவில் இருப்பதாகவே காட்டும்.

தடுக்கும் வழிகள் எளியவை: பணி முடிந்ததும் வாயுவை மூடுதல், சுண்ணாம்பை உரிய காலத்தில் மாற்றுதல், ஆக்சிஜன் அளவுமானியையும் அழுத்த எச்சரிக்கை மணியையும் பழுதின்றி வைத்தல், குழாய் இணைப்புகளைச் சோதித்த பின்னரே பயன்படுத்துதல்.

அரசியல் சாசனப்படி மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலிலும் மருந்துகள் பொதுப்பட்டியலிலும் உள்ளன. மருத்துவ ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் சட்டப்படி மருந்துகளே. எனவே சிலிண்டரின் தரம் முதல் படுக்கையருகே உள்ள குழாய் வரை, பொறுப்பை ஒருவர் மீது ஒருவர் தள்ளிவிட மத்திய, மாநில அரசுகளுக்கு இடமில்லை. இழப்பீடு அறிவிப்பதைவிட, எச்சரிக்கை மணி ஒலிக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.