இணைப்பு உண்டு, வழி இல்லை
தொலைவிலுள்ள கணிப்பொறியை அடைவது எங்ஙனம்?

தூத்துக்குடியை அடுத்த முத்துப்பார்களில் 1961-ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. முத்துக்காகக் கயிறு இறக்கிய காலம் ஓய்ந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின், 2006-இல், தூத்துக்குடிக்கும் இலங்கையின் கல்கிசைக்கும் இடையே சுமார் 320 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழை வடம் ஒன்று மன்னார் வளைகுடாவின் அடியில் கிடத்தப்பட்டது. கொழும்புக் கடைக்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வரும்வரை நாள்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தை அறிந்த பெரியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். இன்று அச்செய்தி கண் இமைக்கும் நேரத்தில் அக்கரை சேர்கின்றது. ஆயினும் வடம் கிடப்பதனாலேயே செய்தி உரிய இடத்தை அடைந்துவிடுவதில்லை என்பதை நான் 2020-ஆம் ஆண்டு நோன்புக் காலத்தில் கற்றேன்.

அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஆய்வு மாணவி ஒருவர் அரபுத்தமிழ் ஏட்டுப் பிரதி ஒன்றைப் பதிப்பித்து ஆய்வேட்டை நிறைவு செய்யும் தறுவாயில் இருந்தார். அப்பிரதியின் பக்கங்களை நிழற்படங்களாக்கித் துறையின் கணிப்பொறியில் சேமித்திருந்தோம். மூலப் பிரதியோ உரிமையாளரின் குடும்பத்திற்குத் திரும்பிப் போய்விட்டது. பூட்டிய அறைக்குள் அந்தக் கணிப்பொறி மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. அதனை வீட்டிலிருந்தே அடைவதற்கு வி.பி.என். எனும் மெய்நிகர் தனி வலைப்பின்னல் இருந்தது. இயக்கினேன். "இணைக்கப்பட்டது" என்று திரை அறிவித்தது. ஆனால் துறைக் கணிப்பொறி மட்டும் கண்ணில் படவேயில்லை.

வி.பி.என். என்பது யாது? காயல்பட்டினத்து வணிகர் ஒருவர் கொழும்புக் கிட்டங்கியில் தங்கியிருக்கும் தம் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறார் எனக் கொள்வோம். "மாடி அறைத் தம்பிக்கு" என்பதே உள்ளுறையின் முகவரி. அஞ்சல்காரருக்கு அது விளங்காது. ஆகவே அவ்வுறையை அரக்கிட்டு, கடையின் முழு முகவரி எழுதிய மற்றோர் உறைக்குள் இடுகிறார். கடைக்காரர் வெளியுறையைப் பிரித்து உள்ளுறையை மாடிக்கு அனுப்புகிறார். வி.பி.என். செய்வதும் இதுவே. கல்லூரியின் உள்முகவரி எழுதிய தகவல் பொதி குறிமொழியில் பூட்டப்பட்டு, பொது முகவரி தாங்கிய பொதிக்குள் செல்கின்றது. "இணைக்கப்பட்டது" என்ற அறிவிப்பு, கடை வரை வழி திறந்தது என்பதையே குறிக்கும். மாடி அறையைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. பலர் இவ்விடத்தில்தான் ஏமாறுகின்றனர். இணைப்பைத் துண்டித்துத் துண்டித்து மீண்டும் இணைப்பதிலேயே பொழுதைப் போக்குகின்றனர்.

முதலில் கணிப்பொறியைப் பெயரிட்டு அழைத்தேன். மறுமொழி இல்லை. ஒரே கட்டடத்தில் இருக்கும் கணிப்பொறிகள் பெரும்பாலும் கூவி அழைத்தே ஒன்றையொன்று அறிகின்றன; அக்கூவல் வி.பி.என். வழியே பொதுவாகக் கடப்பதில்லை. எனவே பெயர் கைவிட்டால் எண் முகவரியைக் கொண்டு அழைத்தல் வேண்டும். துறைக் கணிப்பொறியின் எண் 192.168.1.10. "பிங்" எனும் கட்டளையால் அதைத் தட்டிப் பார்த்தேன். (1983-இல் இக்கட்டளையை இயற்றிய மைக் மூஸ், கடலடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். கடற்கரையில் வாழும் நமக்கு இப்பெயர் அந்நியமன்று.) எதிரொலி வந்தது! மகிழ்ந்தேன். சற்று ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது, மறுமொழி தந்தது கல்லூரிக் கணிப்பொறி அன்று. என் வீட்டுக் கூடத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி.

காரணம் இது. நான்காம் பதிப்பு இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடியே. அவை உலகத்திற்குப் போதா என உணர்ந்த வல்லுநர்கள், 10 என்றும், 172.16 முதல் 172.31 வரையும், 192.168 என்றும் தொடங்கும் மூன்று வரிசைகளை யாவரும் தத்தம் வளாகத்திற்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என ஒதுக்கினர். 1996 பிப்ரவரியில் வெளியான ஆவணம் இதனை வரையறுத்தது. நம் கரையோர ஊர்கள் பலவற்றிலும் பள்ளிவாசல் தெரு இருப்பது போல, 192.168.1 என்ற வரிசை எண்ணற்ற வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கின்றது. "பள்ளிவாசல் தெரு, பத்தாம் எண்" என்று மட்டும் எழுதினால் அஞ்சல்காரர் உள்ளூர்த் தெருவிலேயே கொடுத்துவிடுவார். கணிப்பொறியும் அவ்வாறே செய்தது. கல்லூரியின் வரிசையை மாற்றுவதே நிலையான தீர்வு. அங்கே ஆள் இல்லாமையால் என் வீட்டு ரவுட்டரின் வரிசையை 192.168.77 என மாற்றினேன். இனி வலைப்பின்னல் அமைப்போர், யாரும் எளிதில் எண்ணாத வரிசையைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நலம்.

மீண்டும் தட்டினேன். இம்முறை முழு அமைதி. அரபு நாட்டில் பணிபுரியும் எம் முன்னாள் மாணவர் ஒருவர் தொலைபேசியில் துணை நின்றார். துறைக் கணிப்பொறியை மட்டும் தட்டாமல், முதலில் வி.பி.என். சர்வரின் உள்முகவரியையும், அடுத்துத் துறையின் அச்சுப்பொறியையும் தட்டுமாறு கூறினார். இரண்டும் மறுமொழி தந்தன. ஐயம் பாதி தீர்ந்தது. அச்சுப்பொறியும் ஊமையாக இருந்திருந்தால், திரும்பும் வழியைச் சந்தேகித்திருக்க வேண்டும். கடிதம் மாடிக்குச் சேர்ந்துவிடும். தம்பியின் மறுமொழியோ, வி.பி.என். பயனாளர்களின் எண்வரிசையை அறியாத வாயில் ரவுட்டரிடம் சென்று வீணாகும். அந்த ரவுட்டரில் "இவ்வரிசைக்கு உரியவற்றை வி.பி.என். சர்வரிடம் கொடு" என ஒரு வரி சேர்த்தலே அதற்கு மருந்து. அச்சுப்பொறி பேசுகிறது, கணிப்பொறி பேசவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் கணிப்பொறியின் சொந்தக் கதவில், அதாவது ஃபயர்வால் எனும் தடுப்பரணில் உள்ளது. விண்டோஸ் அமைப்பில் கோப்புப் பகிர்வுக்கான அனுமதி பொதுவாக அதே வரிசையில் இருப்போருக்கே உண்டு. நானோ 10.8.0 எனத் தொடங்கும் அயல் வரிசையிலிருந்து வந்தவன்.

"அரணையே அணைத்துவிடலாமே" என அறிந்தவர்கள் சிலர் யோசனை கூறினர். வி.பி.என். வேண்டாம், கணிப்பொறியை நேரே இணையத்திற்குத் திறந்துவிடலாம் என்றாரும் உளர். இரண்டும் ஆபத்து. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவத் தொடங்கிய நாட்பெட்யா எனும் நச்சுநிரல், நிறுவனங்களின் உள்வலைப்பின்னல்களுக்குள் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவியது. மயர்ஸ்க் கப்பல் நிறுவனம் 20 முதல் 30 கோடி டாலர் வரை இழந்தது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் முடங்கியது. பெட்டகங்களை நம்பி வாழும் தூத்துக்குடியார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்போர் யாவரும் நல்லவர் என எண்ணி உள்கதவுகளைத் திறந்து வைத்த இடங்களில் அது தங்குதடையின்றிச் சென்றது.

ஆகவே அரணை அணைக்கவில்லை. ஆய்வக உதவியாளர் அனுமதிச் சீட்டுடன் கல்லூரிக்குச் சென்று, கோப்புப் பகிர்வு விதியில் 10.8.0 வரிசையை மட்டும் சேர்த்தார். பத்து நிமிட வேலை. கோப்புகளின் பட்டியல் என் திரையில் விரிந்தது.

ஆயினும் முதல் நிழற்படத்தைத் திறந்தபோது பாதியில் நின்றுவிட்டது. உறைக்குள் உறை இட்டால் கனம் கூடுமல்லவா? சாதாரண வலைப்பின்னலில் ஒரு பொதி 1,500 பைட்டு வரை கொள்ளும். வெளியுறை அதில் சிறிது இடத்தை எடுத்துக்கொள்வதால் முழு அளவுப் பொதிகள் வழியில் கைவிடப்படுவது உண்டு. தட்டலும் பட்டியலும் சிறிய பொதிகள், அவை தப்பிவிடும். பெரிய கோப்பு மட்டும் திணறும். வி.பி.என். இணைப்பின் பொதி அளவை 1,400 ஆகக் குறைத்தேன், பின் 1,300. அதன்பின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கத் தொடங்கின. ஸஹர் வேளைக்குள் பெரும்பாலானவை வந்துவிட்டன. எஞ்சியவற்றை மறுநாள் இஃப்தாருக்கு முன்னரே மாணவிக்கு அனுப்பி வைத்தேன்.