வெற்றுக் கூடும் ஒரு தராசும்

துப்பாக்கி சுட்டதும் குண்டு பறந்துவிடும், எரிமருந்து வாயுவாகிவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும். தோட்டாவின் பாகங்களிலேயே விலை கூடியது பெரும்பாலும் அந்தக் கூடுதான். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுதல் வீரர்களும் அதைப் பொறுக்கியெடுத்து, வீட்டு மேசையிலேயே மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு அங்கே இது நெடுநாளைய பழக்கம். இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் இந்தத் தொழிலுக்குள் இருக்கும் அறிவியல் எவரும் அறிந்து வியக்கத் தக்கது. குறைந்த விலையில் நம்பகமான கருவி எது என்ற கேள்விக்கும் அந்த அறிவியலே விடை சொல்கிறது.

தோட்டாக் கூட்டுப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். '30-06' என்ற புகழ்பெற்ற வேட்டைத் தோட்டாவுக்கு வகுத்துள்ள அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல இது ஏறத்தாழ 4,000 மடங்கு. அந்த அழுத்தத்தில் கூட்டின் சுவர் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னோக்கிக் கசிய வழியில்லை. அழுத்தம் இறங்கியதும் பித்தளை சற்றே சுருங்கி விடுபடுகிறது. மீள்மைக் குணகம் எஃகினுடையதில் ஏறத்தாழப் பாதியே என்பதால், எஃகைவிடப் பித்தளை நன்றாக மீளும். ஒரே நொடிக்குள் அடைப்பானாகி, பிறகு விலகியும் கொடுக்கும் இந்தக் குணம் இல்லையென்றால், சுட்ட கூட்டை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிடும்.

மீண்டாலும் கூடு பழைய அளவுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே அதை 'டை' எனப்படும் எஃகு அச்சுக்குள் அழுத்தி உருவம் திருத்துகிறார்கள். விரிவதும் நெரிபடுவதுமாக இருந்தால் பித்தளையின் உட்படிகங்களில் குறைகள் பெருகிப் பின்னிக்கொள்ளும். உலோகம் கடினமாகும், கடைசியில் கூட்டின் கழுத்தில் விரிசல் விழும். கழுத்தை மட்டும் அளவாகச் சூடேற்றினால் புதிய படிகங்கள் உருவாகி மென்மை திரும்பும். அடிப்பகுதியை ஒருபோதும் மென்மையாக்கக் கூடாது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அங்கேதான் இருக்க வேண்டும்.

பித்தளைக்கு வேறொரு பகையும் உண்டு. அது வெளிப்பட்டது இந்திய மழைக்காலத்தில். ஆங்கிலேயப் படை குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் கூடுகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், கூட்டுக்குள் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்ததன் விளைவு இது என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் கூடுகளைக் கழுவாதீர்கள் என்ற எச்சரிக்கைக்கு இதுவே காரணம்.

சுட்ட கூட்டை மறுபடி தோட்டாவாக்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்ற ஒரு சிறு துளையும் துணைநின்றது. கூட்டின் அடியிலுள்ள பிரைமர்தான் நெருப்பு மூட்டும் பகுதி. 1860களில் ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்ஸர் அமைத்த முறையில், பிரைமருக்கு மேலே நடுவில் ஒரே துளை. அமெரிக்கர் ஹைரம் பெர்டன் அமைத்த முறையில் இரண்டு சிறு துளைகள், நடுவிலிருந்து விலகி. பாக்ஸர் கூட்டில் நேராக ஊசியை இறக்கினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைத்தது வரலாற்றின் விந்தை.

இனி கருவிகள். 1958இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்சர்ட் லீ தன் வீட்டுப் பட்டறையில் தொடங்கிய சிறு கைக்கருவிக்கு மேசையே தேவையில்லை. சுத்தியலால் தட்டினால் போதும். அடுத்த படி, கூட்டை டைக்குள் அழுத்தும் ஒற்றைநிலை பிரஸ்; ஒரு நெம்புகோல் இழுப்புக்கு ஒரே வேலை செய்யும். அதன் இணைப்புத் தண்டுகள் நேர்க்கோட்டை நெருங்க நெருங்க, கை கொடுக்கும் விசை பன்மடங்காகிறது. நாற்புறமும் மூடிய வார்ப்பிரும்புச் சட்டம் எளிதில் வளையாது. தேய்வதற்கு அதில் அதிகம் இல்லாததால், பழையதை வாங்கினாலும் பல்லாண்டு உழைக்கும். கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு டை சற்று விலை கூடினாலும் தகும். டைக்குள் அழுத்தும் முன் கூட்டுக்கு எண்ணெய் பூசும் வேலை மிச்சம்.

கைப்பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் தராசு. எரிமருந்தை 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், ஒரு குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி எடை. தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டியாக வேண்டும். புகையற்ற எரிமருந்து அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். அந்த வேகம் அழுத்தத்தை மேலும் ஏற்றும். அதனால் மருந்து சிறிது கூடினாலே அழுத்தம் அந்த விகிதத்தை மீறி எகிறிவிடும். மலிவான மின்னணுத் தராசின் உணரி வெப்பம் மாறினாலே தடுமாறும். கோல்தராசு புவியீர்ப்பை நம்பி நிற்பது. கோலின் முனைத் தகடு காந்தங்களுக்கிடையே அசையும்போது அதில் எழும் சுழல் மின்னோட்டம் ஆட்டத்தை அடக்குகிறது, மின்கலம் வேண்டாம். நிறுக்கும் முன் சோதனை எடைக்கல்லால் சரிபார்த்தால் போதும்.

ஒரே இழுப்பில் பல வேலை முடிக்கும் பெரிய இயந்திரம் வேகமானதுதான். புதியவருக்கு அதுவே ஆபத்து: ஒரே கூட்டில் மருந்து இருமுறை விழுந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். ஒற்றைநிலை முறையில் கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்துவிட்டே குண்டைப் பொருத்தலாம்.

பிரஸ்ஸில் சிக்கனம் பிடியுங்கள். தராசிலும், நீளம் அளக்கும் காலிப்பரிலும், அச்சிட்ட அளவுக் கையேட்டிலும், கண் கவசத்திலும் வேண்டாம். பிரைமர்களில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருப்பதால், வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள். வேகத்துக்குக் கொடுக்கும் பணம் நேரத்தை மிச்சப்படுத்தும். அளவுக்குக் கொடுக்கும் பணம் விரலையும் கண்ணையும் காக்கும்.