உஷார்! அந்தச் சாம்பல் நிறத்தில் எந்தத் தண்ணீர்?

டாட்டூ போடப் போகிறவர்கள் ஊசியைப் பார்க்கிறார்கள். புது ஊசியா, கண் முன்னால் பாக்கெட்டைப் பிரித்தாரா, கையுறை மாட்டினாரா என்று கேட்கிற அளவுக்கு நம் பிள்ளைகள் தெளிந்துவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் மறைந்த அப்பாவின் முகத்தையோ, வேலோடு நிற்கும் முருகனையோ, வாய் பிளந்த சிங்கத்தையோ போட்டோ மாதிரியே கறுப்பு, சாம்பலில் கையில் இறக்கிக்கொள்ளக் கிளம்புகிறவர்கள் தண்ணீரைப் பற்றி வாயே திறப்பதில்லை. திறக்க வேண்டும். ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருப்பவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

காரணம் எளிது. ‘பிளாக் அண்ட் கிரே ரியலிசம்’ என்று பெரிதாகச் சொல்லப்படும் இந்த வேலைக்கு அடிப்படை ஒரே ஒரு கறுப்பு மைதான். அதையே மூன்று நான்கு அளவுகளில் நீர்த்து, கனத்த சாம்பல், நடுச் சாம்பல், மெல்லிய சாம்பல் என்று ஆக்குகிறார்கள். கடையில் அதற்குப் பெயர் ‘கிரே வாஷ்’. கன்னத்து நிழல், மூக்கின் ஓரம், கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கம் எல்லாமே நீர்த்த மைதான். சில கம்பெனிகள் நீர்த்தே பாட்டிலில் அடைத்து விற்கின்றன. பல இடங்களில் ஆர்ட்டிஸ்டே மேசைமேல் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களில் கலந்துகொள்கிறார். மெஷின் நொடிக்குப் பல பத்து முறை குத்துகிறது. ஒவ்வொரு குத்திலும் மை மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. அதோடு தண்ணீரும் இறங்குகிறது. ஒரு முகம் முடிய மணிக்கணக்காகும். குடிக்கிற தண்ணீருக்காவது வயிற்றில் அமிலம் என்று ஒரு காவல் உண்டு. இதற்கு எதுவும் கிடையாது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ராசெஸ்டர் என்று ஒரு ஊர். 2011 அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே 19 பேருக்கு ஒரே மாதிரிப் பிரச்சினை வந்தது. டாட்டூ போட்ட மூன்று வாரத்துக்குள் அந்த இடத்தில் சிவந்து தடித்த சொறி. என்ன பூசினாலும் போகவில்லை. அத்தனை பேருக்கும் டாட்டூ போட்டவர் ஒருவரே. பயன்படுத்தியது கம்பெனியே நீர்த்து அனுப்பிய சாம்பல் மை. 17 பேரின் தோலிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்ததில் 14 பேரிடம் ‘மைக்கோபாக்டீரியம் கெலோனே’ என்ற கிருமி வளர்ந்தது. வயிற்றைக் கலக்குகிற செய்தி அடுத்தது: பிரிக்கவே பிரிக்காத மூன்று மை பாட்டில்களைத் திறந்து பார்த்தபோது, ஒன்றில் அதே கிருமி இருந்தது. மரபணுச் சோதனையில் நோயாளிகளின் கிருமியோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ஊசியையோ கையுறையையோ குற்றம் சொல்ல வழியில்லை. சீல் உடையாத பாட்டிலுக்குள்ளேயே கிருமி வந்து இறங்கியிருந்தது. நீர்க்கப் பயன்பட்ட டிஸ்டில்டு வாட்டர் மீதுதான் சந்தேகம் போயிற்று. அடுத்த ஆண்டு வாஷிங்டன், அயோவா, கொலராடோ மாநிலங்களிலும் டாட்டூவால் வந்த இதே வகைத் தொற்றுகள் பதிவாயின.

இந்தக் கிருமி யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? காசநோய்க் கிருமியின் உறவுக்காரன். காசநோய் என்றால் நம் பகுதிக்கு விளக்கம் தேவையில்லை. 1928இல் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான் தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பேர். ஆனால் இந்த உறவுக்காரன் இருமலில் பரவுவதில்லை. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்கிறான். குழாயின் உட்புறத்தில் வழவழப்பாகப் படிகிறதே, அதில் குடியிருப்பான். குளோரினுக்கு எளிதில் சாகமாட்டான். காசநோய்க்கு முதலில் தரும் வழக்கமான மாத்திரைகளுக்கும் மசியமாட்டான். வேறு மருந்துகளை மாதக்கணக்கில் விழுங்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே போர் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீர், மொட்டைமாடிச் சின்டெக்ஸ், குடிக்க இருபது லிட்டர் கேன். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அந்தத் தண்ணீர் சுத்தம் என்று நமக்கு ஒரு முழு நம்பிக்கை. ஆர்.ஓ. உப்பை எடுக்கும். அதற்குப் பிறகு தொட்டியிலும் குழாயிலும் தேங்கி நிற்கும் தண்ணீரில் கிருமி சேராது என்று அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. கேன் தண்ணீர் குடிக்கத்தான்; குத்த அல்ல. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் அப்படியே. வடித்த தண்ணீர் வேறு, கிருமி நீக்கிய தண்ணீர் வேறு. ராசெஸ்டர்க்காரர்கள் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது இதைத்தான்.

சரியான தண்ணீர் எங்கே கிடைக்கும்? எந்த மெடிக்கல் ஷாப்பிலும். ஊசி மருந்து கலக்க ‘ஸ்டெரைல் வாட்டர் ஃபார் இன்ஜெக்ஷன்’ என்று சின்னக் குப்பியில் விற்கிறார்களே, அதுதான். சில ரூபாய். ஆயிரக்கணக்கில் கூலி வாங்குகிற ஸ்டூடியோ அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிக்கிறது என்றால், வேறு எதையெல்லாம் மிச்சம் பிடிக்கிறதோ! உங்கள் முன்னால் குப்பியை உடைக்கச் சொல்லுங்கள். போன வாரம் திறந்த சலைன் பாட்டிலைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். திறந்த பிறகு அதுவும் வெறும் தண்ணீர்தான். நடுவில் மையைத் துடைக்கிறார்களே, அந்த ஸ்ப்ரே பாட்டிலில் இருப்பது என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டால் ஆர்ட்டிஸ்ட் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

மை பாட்டிலையும் கையில் வாங்கிப் பாருங்கள். கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். பெரிய பாட்டிலிலிருந்து பேரில்லாத சின்ன பாட்டிலுக்கு மாற்றி ஊற்றிய மை என்றால் வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. இங்கே? 2025 பிப்ரவரியில் கர்நாடகத்தில் டாட்டூ மைகளைச் சோதித்தபோது ஆர்செனிக், குரோமியம், செலினியம் உள்பட 22 உலோகங்கள் இருந்ததாக அந்த அரசு சொன்னது. மைக்குத் தர அளவு கொண்டுவரும்படி மத்திய அரசைக் கேட்கப்போவதாக அதன் சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் அறிவித்தார். அப்போதுதான் கேட்கவே கிளம்பினார்கள் என்றால், அதுவரை யார் பார்த்தார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கண்காணிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்குத் திருச்சி ஒன்று போதும். 2024 டிசம்பரில் மேலச்சிந்தாமணியில் ஒரு டாட்டூ கடைக்காரர், வந்தவர்களின் நாக்கை இரண்டாகப் பிளந்து தைத்து, அதை இன்ஸ்டாகிராமில் வீடியோவாகவும் போட்டார். மருத்துவப் படிப்பு கிடையாது. வீடியோ ஊரெல்லாம் சுற்றிய பிறகுதான் கைது, கடைக்குச் சீல். வீடியோ போடாமல் இருந்திருந்தால்?

ஊசி விஷயத்தில் எல்லாருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றிரண்டு மட்டும். எல்லாரும் எச்.ஐ.வி.யைப் பற்றிப் பயப்படுகிறார்கள். அதைவிடச் சுலபமாகத் தொற்றுவது ஹெபடைட்டிஸ் பி. உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில், ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். ஊசி புதிது, ஆனால் மெஷினின் பிடியும் ஒயரும் முந்தின ஆளுடையது என்றால் ஆபத்து தீரவில்லை. அவற்றின்மேல் பிளாஸ்டிக் உறை மாற்றுகிறார்களா பாருங்கள். நீல விளக்கு எரியும் பெட்டியைக் காட்டி ‘ஸ்டெரிலைசர்’ என்பார்கள், நம்பாதீர்கள். சலூனிலும் அதே பெட்டிதான் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. பெரியவர்களுக்கு மூன்று டோஸ், முடிய ஆறு மாதம். ரியலிசம் ஆர்ட்டிஸ்டிடம் தேதி கிடைக்கக் காத்திருக்கும் காலத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். டாட்டூ போட்டபின் 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வலிக்காமல் இருக்க என்று ஆன்லைனில் வரவழைக்கும் மரப்புக் களிம்பு இன்னொரு வம்பு. அதில் லிடோகெய்ன் அளவுக்கு மீறி இருந்தால், பெரிய பரப்பில் பூசி பிளாஸ்டிக் சுற்றி வைக்கும்போது ரத்தத்தில் ஏறி, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024இல் எச்சரித்தது.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்து மயங்குவது போட்ட அன்றைக்கு எடுத்த படம், ஃபில்டரும் உண்டு. ஆறிய பிறகு, குறைந்தது ஒரு வருஷம் கழித்து எடுத்த படத்தைக் கேளுங்கள். அதுவும் நம் மாநிறத் தோலில் போட்டது. வெள்ளைத் தோலில் அழகாக நிற்கும் மெல்லிய சாம்பல் நம் தோலில் கரைந்து காணாமல் போகும். கண்ணில் வைத்த வெள்ளைப் புள்ளி பழுப்பாகும். உள்ளங்கையளவுகூட இல்லாத இடத்தில் அம்மா முகம் கேட்டால், சில வருஷத்தில் வேறு யாரோ பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அதற்கு ஒப்புக்கொள்கிற ஆர்ட்டிஸ்டைவிட, ‘வேண்டாம் தம்பி, பெரிசா போடணும்’ என்று மறுக்கிறவர் மேல். வெட்டுக் காயம் தழும்பாகப் புடைத்து வளர்கிற உடம்புவாகு உள்ளவர்கள் நெஞ்சிலும் தோள்பட்டையிலும் ஊசியே படவிடக் கூடாது. ராணுவத்துக்கு முயற்சி செய்யும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தர டாட்டூ இருந்தால் ஆள்சேர்ப்பில் சிக்கல். ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் நிற்காதீர்கள்.

ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? முதல் சில நாள் சிவப்பும் எரிச்சலும் இயல்பு. ஆறிவிட்டது என்று நினைத்த இடத்தில், இரண்டு மூன்று வாரம் கழித்து, அதுவும் சாம்பல் ஷேடிங் உள்ள பகுதியில் மட்டும், சின்னச் சின்னதாகச் சிவந்த முடிச்சுகள் எழும்பினால் அலர்ஜி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவவே கூடாது. அரிப்பை அடக்கிவிட்டுக் கிருமியை வளர்க்கும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ வேறு தோல் மருத்துவரிடமோ போய், டாட்டூ போட்ட தேதியைச் சொல்லி, மையில் தண்ணீர் கலந்தது என்பதையும் சொல்லுங்கள். தோல் துணுக்கு எடுத்து மைக்கோபாக்டீரியாவுக்குக் கல்ச்சர் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். எச்.ஐ.வி. பயம் இருந்தால் 1097க்குப் போன் போடுங்கள், இலவசம். தடுப்பு மருந்து தேவைப்பட்டால் டாட்டூ போட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.