உண்மையான பலசாலி யார்?



பிறரை அடித்துத் தண்டனை பெற்ற வீரரை விளையாட்டுச் சங்கம் அணியில் வைத்திருக்கலாமா? குத்தம்பாக்கத்தில் பந்தாடும் பிள்ளைகளைப் பெற்ற நாமும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

1988-இல் பாட்டியாலாவில் நடந்த சாலைத் தகராறில், கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து முதியவர் ஒருவரைத் தாக்கினார், அம்முதியவர் இறந்தார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே சித்து இந்திய அணியில் ஆடினார். மரணம் விளைவித்த குற்றம் உச்ச நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. காயப்படுத்திய குற்றம் உறுதியானது. 2018-இல் 1,000 ரூபாய் அபராதம். 2022-இல் ஓராண்டுக் கடுங்காவல். உடல்வலிமை மிக்க விளையாட்டு வீரரின் கையே ஆயுதமாகலாம் என்றும் அத்தீர்ப்பு உணர்த்தியது.

மல்யுத்தத்தில் வெல்பவரை அல்ல, கோபத்தை வெல்பவரையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பலசாலி என்றார்கள். அநீதியிழைக்கும் சகோதரனுக்கு நாம் செய்யும் உதவி, அவனைத் தடுப்பதே என்றும் கற்பித்தார்கள்.

ஆகவே, திறமைக்காகக் குற்றத்தை மறைப்பது அவ்வீரருக்கே செய்யும் துரோகமாகும். தண்டனை முடிந்து, பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கோரும்வரை சங்கம் அவரை விலக்கி வைக்கட்டும். அடியார்களின் உரிமை அவர்கள் மன்னிக்காமல் தீராதன்றோ! திருந்தி வந்தபின் இழித்துரைக்காமல் சேர்த்துக்கொள்ளட்டும்.

கோபத்தை அடக்கும் வலிமையை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.