சார்ஜ் ஏறாத பாட்டுக் கருவி

விடியும் முன்பே ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் சிலர் இன்னும் சின்ன எம்பி3 கருவியைக் கைவிடவில்லை. கேமரா உள்ள கைத்தொலைபேசியை உள்ளே விடாத இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் தோது. வீட்டில் பெரியவர்களுக்குக் காரவான் பெட்டி: சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்தது, 5,000 பாட்டுகளை உள்ளேயே வைத்திருப்பது. அலமாரியில் ஒரு பழைய ஐபாடும் கிடக்கலாம். ஆப்பிள் அதைக் கைகழுவியது 2022 மே மாதம். எல்லாவற்றுக்கும் ஒருநாள் வரும் புகார் ஒன்றுதான், சார்ஜ் ஏறவில்லை. கடையில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான், பேட்டரி போச்சு.

அந்தப் பதில் பல நேரம் அவசரப்பட்ட பதில்.

சார்ஜர் என்று நாம் சுவரில் செருகுகிறோமே, அது 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தருவதோடு சரி. மின்கலத்துக்கு எவ்வளவு, எப்போது என்று தீர்மானிப்பது கருவிக்குள் இருக்கும் ஒரு சில்லு. லித்தியம் அயனி மின்கலம் நிறைந்த நிலையில் பொதுவாக 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட் அளவுக்கு இறங்கினால் காலி என்று பொருள். சில்லு முதலில் சீரான மின்னோட்டத்தை ஏற்றும். 4.2-ஐத் தொட்டதும் மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு, ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். சூடு அதிகமானாலோ, மின்கலத்தின் நிலை சரியில்லை என்று பட்டாலோ ஏற்றவே மாட்டேன் என்று நின்றுவிடும். ஆகவே முதலில் தேடவேண்டியது அது மறுப்பதற்கான காரணத்தை.

ஆறு மாதம் அலமாரியில் கிடந்த கருவியை எடுத்துக்கொள்வோம். அணைத்து வைத்திருந்தாலும் மின்கலம் சொட்டுச் சொட்டாக இறங்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட கலத்துக்குச் சில்லு வழக்கமான ஓட்டத்தைத் தராது; ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மட்டும் தந்து மெல்ல எழுப்பப் பார்க்கும். அந்த நேரம் திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் பிடுங்கி எறிகிறவர்கள் தோற்பது இங்கேதான். ஒரு மணி நேரமாவது செருகி வையுங்கள், கண்ணில் படும்படி. சுமார் 2 வோல்ட்டுக்கும் கீழே போய் நெடுநாள் கிடந்த கலத்தின் கதை வேறு. அதற்குள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே படிந்து குறுக்குச்சுற்று உண்டாக்கலாம். வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து அதை “உசுப்பி” தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது அதிகம் ஏமாற்றுவது டைப்-சி. புதுக் கைத்தொலைபேசியோடு இரு முனையும் டைப்-சி ஆன கேபிள் வருகிறது. பழைய சார்ஜரைத் தூக்கிப்போட்ட அன்றே பாட்டுக் கருவியும் செத்ததுபோல் தெரியும். மறுமுனையில் 5.1 கிலோ ஓம் மின்தடையம் இருப்பதை உணர்ந்த பிறகுதான் டைப்-சி சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். விதி அப்படி. மலிவான கருவிகள் சிலவற்றைச் செய்கிறவர்கள் சில காசு மிச்சம் பிடிக்க இந்த மின்தடையங்களை வைப்பதில்லை. சார்ஜரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் யாருமே இல்லை. பழைய அகலமான யூஎஸ்பி முனையுள்ள சார்ஜரில், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை டைப்-சியாகவும் உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதில் 5 வோல்ட் எப்போதும் திறந்தே இருக்கும். வேகச் சார்ஜர் கருவியை எரித்துவிடும் என்ற பயத்துக்கும் பெரிய ஆதாரமில்லை. கருவி கேட்காமல் ஒழுங்கான சார்ஜர் 5 வோல்ட்டுக்கு மேல் தராது. ஒழுங்கான என்ற சொல் முக்கியம்: மலேசியாவின் சிரிம் தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பவர் பேங்கில் இதற்கு நேர்மாறான தொல்லை. சின்னக் கருவி மிகக் குறைவாக உறிஞ்சுவதால், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பவர் பேங்க் தானே அணைந்துவிடும். சிலவற்றில் பொத்தானை இருமுறை அழுத்தினால் சிறு கருவிகளுக்கான முறை வரும். இல்லையென்றால் கணினியில் செருகுவதே வழி.

ஐபாட் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குழப்பம். 2003-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாட் யூஎஸ்பி வழியே பாட்டை ஏற்றிக்கொள்ளும், மின்சாரத்தை ஏற்காது. அதற்கு ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும். 2008-இல் வந்த நான்காம் தலைமுறை நானோ ஃபயர்வயர் மின்சாரத்தை ஏற்காது. அதனால் ஃபயர்வயர் முறையில் மின்சாரம் தரும் பழைய காரில் செருகினால் பாட்டு வரும், சார்ஜ் வராது. சுழல்வட்டம் உள்ள ஐபாட் உறைந்து நின்றால், மெனுவையும் நடுப் பொத்தானையும் சில விநாடி சேர்த்து அழுத்திப் பாருங்கள். மின்கலத்தைக் குறைசொல்வது பிறகு.

நம் ஊர்ச் சூடும் ஈரமும் இதில் சேர்த்திதான். பெரும்பாலான லித்தியம் கலங்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. வெயிலில் நின்ற காரிலிருந்தோ மோட்டார் இருக்கைக்கு அடியிலிருந்தோ எடுத்த கருவி மறுத்தால், அது ஆறட்டும். மழையும் வியர்வையும் பட்ட துளையில் பச்சை படியும். ஈரத்தோடு செருகினால் மின்சாரமே அந்த முனைகளை அரிக்கும். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, மாவுத்தூள்தான் உள்ளே போகும். அணைத்து, காயவைத்து, மரப் பல்குச்சியால் பஞ்சை எடுத்தாலே பாதி வேலை முடியும்.

இத்தனையும் பார்த்தபிறகும் முழுச் சார்ஜில் அரைமணி நேரம்தான் பாடுகிறது, 60 விழுக்காடு காட்டிக்கொண்டே அணைகிறது என்றால், கடைக்காரர் சொன்னது சரி. 300 முதல் 500 முறை ஏற்றி இறக்கியபின் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு வருவது சாதாரணம். மாற்றுக் கலம் வாங்கும்போது விரலளவு கலத்தில் 2,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள்.

பின்பக்கம் புடைத்து, திரையைத் தள்ளிக்கொண்டு நிற்கும் கருவிக்கு மட்டும் எந்தச் சோதனையும் கூடாது. உள்ளே சேர்ந்திருப்பது எரியக்கூடிய வாயு. 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்ற முதல் தலைமுறை ஐபாட் நானோக்களில் சில அளவுக்கு மீறிச் சூடாகின்றன என்று 2011 நவம்பரில் ஆப்பிளே மாற்றித் தர முன்வந்தது. அப்படியொன்று வீட்டில் இருந்தால் மறுபடி சார்ஜில் போடாதீர்கள், குத்தாதீர்கள், சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். மலேசியாவில் மின்னியல் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற அட்டவணைக் கழிவு. மின்கழிவு பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.